ஆடு கட்டிய இடத்தில் ஈரம்

மதினி,

இன்று காலையில் ஆட்டை அவிழ்க்கப் போனேன். வேப்பமரத்தடியில், முளைக்குச்சியைச் சுற்றி எப்போதும் அடிக்கிற மூத்திர வாடை இல்லை. குனிந்து பார்த்தேன். மண் வெளுத்துக் காய்ந்து கிடந்தது. புழுக்கை கிடந்தது, முந்தின நாள் கட்டிய தழையில் பாதி கிடந்தது, ஈரம் மட்டும் இல்லை. ஆடு என்னைப் பார்த்தது. நான் ஆட்டைப் பார்த்தேன். உடனே உங்கள் குரல்தான் காதில் விழுந்தது: “இடம் காஞ்சு கெடக்கே மதினி, நீங்க பாக்கலையா?”

அதனால் அவிழ்க்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். இது ஒண்ணுக்குப் போகிறவரை எழுந்திருக்கப் போவதில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு கண்டதையும் நினைக்கும் என்று பேரனின் பழைய நோட்டில் நாலு தாள் கிழித்து உங்களுக்கு எழுதுகிறேன். என் மகள் ஸ்டெல்லா பார்த்துவிட்டு, “செத்துப்போனவகளுக்கு எந்தத் தபால்காரர்மா கொண்டு போவாரு?” என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நம் இரண்டு பேர் வழக்கு அவளுக்கு என்றைக்குப் புரிந்தது?

நம் வழக்கு பெண் பார்க்க வந்த அன்றே தொடங்கிவிட்டது. உங்கள் மகனுக்கு என் மகளைக் கேட்டு, காந்திகிராமத்துக்கு அந்தப் பக்கமிருந்து வேனில் வந்து இறங்கினீர்கள். வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று செம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கினீர்கள். செம்புக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகுதான் குடித்தீர்கள். புளி போட்டுத் துலக்கிய செம்பு அது. நாகல் நகரில் என் வீட்டுப் பாத்திரம் போல மினுங்குகிற பாத்திரம் எவள் வீட்டில் இருந்தது? அதற்குள் இந்த அம்மா என்னத்தைத் தேடுகிறாள் என்று அப்போதே மனசில் ஒரு முள் விழுந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. முள் அப்படியேதான் இருந்தது.

பிறகு அருள் பிறந்தான். எனக்கும் உங்களுக்கும் முதல் பேரன். நம் இரண்டு பேருக்கும் இன்றுவரை ஒரே பேரன். உங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போன கொஞ்ச நாளில் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, கண் குழி விழுந்தது, உச்சிக்குழி பள்ளமாகிப்போனது. நான் டவுன் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது, கையில் ஊசி குத்தி பாட்டில் ஏற்றியிருந்தார்கள். நீங்கள் என்ன உரைமருந்து கொடுத்தீர்களோ என்று நான் நினைத்தேன். நான் கொடுத்தனுப்பிய பால்புட்டியைக் கழுவியிருக்க மாட்டேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாதது இன்னும் மோசம்.

அந்த டாக்டரம்மா சொன்னது மட்டும் மறக்கவில்லை. “உடம்புல தண்ணி இல்லாம கிட்னி சோர்ந்து போயிருக்கு. பிள்ளை ஒண்ணுக்குப் போகணும். போனா பயமில்லை. துணியைப் பார்த்துக்கிட்டே இருங்க.”

பார்த்துக்கொண்டே இருந்தோம். நீங்கள் துணியைத் தொட்டுப் பார்ப்பீர்கள். காய்ந்திருக்கும். நீங்கள் சரியாகப் பார்த்தீர்களோ என்னவோ என்று நானும் ஒரு தரம் தொட்டுப் பார்ப்பேன். அதே காய்ந்த துணிதான். நான் பார்த்ததை நம்பாமல் திரும்ப நீங்கள் பார்ப்பீர்கள். ஸ்டெல்லா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டு வேளையில்தான், நெருக்கி உட்கார்ந்திருந்த அந்த பெஞ்சில், நீங்கள் அவனைத் தூக்கி என் மடிக்கு மாற்றுகிறபோது, சூடாக இறங்கியது.

“நனைஞ்சிருச்சு மதினி!” என்று கத்தினீர்கள். வார்டே திரும்பிப் பார்த்தது.

அது முதலில் என் சேலையில்தான் பட்டது. நீங்கள் சாகும்வரை உங்கள் சேலையில்தான் என்று சொன்னீர்கள். போகட்டும்.

அந்த பெஞ்சிலேயே நேர்ந்துகொண்டோம். செபஸ்தியார் கோயில் திருவிழாவுக்கு ஊனமில்லாத ஒரு கிடாய். முழுசாகப் பொதுக் கறி விருந்துக்குக் கொடுத்துவிட வேண்டும், நமக்கென்று எலும்பு கூட எடுக்கக்கூடாது. குட்டியை வாங்கித் தருவது நீங்கள், வளர்ப்பது நான். இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

செவலைக் குட்டி. இடது காதில் ஒரு வெள்ளைப் பொட்டு. நன்றாகக் கொழுக்கட்டும் என்று பால் மறந்ததுமே காயடித்துவிட்டேன். அதற்குப் பிறகு அதை வளர்த்தது நான் மட்டுமா? தெருவே வளர்த்தது. சாமிக்கு விட்ட ஆடு என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? எதிர்வீட்டு ரோசம்மா சோற்றுக் கஞ்சி கொண்டு வருவாள். மாவு மில்காரர் தவிடு கொடுப்பார். பிரியாணிக் கடையில் வேலை பார்த்த பாய் மிஞ்சிய அரிசியை ஒரு சட்டியில் வைத்துவிட்டுப் போவார், “இருக்கட்டும்மா, நேந்த ஆடு, நம்ம பங்கும் சேரட்டும்” என்பார். நான் பிண்ணாக்கும் கம்பும் வைத்தேன். ஆடு கன்றுக்குட்டி மாதிரி ஆனது. பார்க்கிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

நீங்களும் மாதத்துக்கு ஒரு தரம் வருவீர்கள். “ஆட்டப் பாக்கத்தான் வந்தேன், ஒங்களப் பாக்க இல்ல” என்று வாசலிலேயே சொல்லிவிடுவீர்கள். காதைப் பிடித்து வெள்ளைப் பொட்டு இருக்கிறதா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பீர்கள். சாயம் பூசியிருப்பேன் என்று நினைப்பு. நான் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

திருவிழா நெருங்கிய மார்கழியில், ஒரு நாள் காலையில் வந்து இறங்கினீர்கள். அன்றைக்கு ஆடு சரியில்லை. காலை அகட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, வாலை ஆட்டி ஆட்டி முக்கியது. தீனியை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிறு கட்டியிருக்கிறது என்று நான் விளக்கெண்ணெய் புகட்டியிருந்தேன்.

நீங்கள் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. “இது அந்த ஆடுதானா?”

“பின்ன எந்த ஆடு? ஒங்க ஊர்ல இருந்து நடந்து வந்த ஆடா?”

“இல்ல, கொழுத்தத வித்துட்டு நோஞ்சானக் கட்டி வச்சிருக்கீகளோன்னு கேட்டேன்.”

எனக்கு உச்சிமயிர் வரைக்கும் எரிந்தது. “மதினி, நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. போன தடவ நீங்க வந்து தொட்டுத் தடவிட்டுப் போனீகளே, அப்ப என்னத்தக் குடுத்தீக?”

உங்கள் மஞ்சள் பையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தீர்கள். ஒரு மாற்றுச் சேலை, செபமாலை, வெற்றிலைப் பொட்டலம், ஸ்டெல்லாவோடு அப்போதே என் வீட்டோடு வந்துவிட்ட பேரனுக்கு வாங்கிய ரொட்டி. எல்லாம் மண்ணில் விழுந்தது. “பாருங்க. நல்லாத் தேடிப் பாருங்க” என்றீர்கள். நான் பார்க்கத்தான் செய்தேன். சேலையை உதறிக்கூடப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. ஆட்டுக்கு எதிரே, இப்போது நான் உட்கார்ந்திருக்கிற இதே இடத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் ஏதோ செய்துவிடுவேன் என்று உங்களுக்கு, நீங்கள் ஏதோ செய்துவிடுவீர்கள் என்று எனக்கு. அடுப்பில் உலை கொதிக்கிறது, நான் வாசலில் நிற்கிறேன். வெஞ்சனம் கூட வைக்கவில்லை. அன்று இரண்டு பேரும் வெறும் மோரும் சோறும்தான் சாப்பிட்டோம், அதையும் ஆட்டைப் பார்த்துக்கொண்டே.

வெயில் சாய்கிற நேரத்தில் சொன்னீர்கள், “வயிறு கட்டலை மதினி.”

“ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“புழுக்க விழுந்திருக்குல்ல? இப்பக்கூட ரெண்டு போட்டுச்சு. வயிறு கட்டுனா புழுக்க எப்படி விழும்? அப்ப எதுக்கு முக்குது?” எழுந்து வந்து முளைக்குச்சியைச் சுற்றி மண்ணைக் காலால் தேய்த்தீர்கள். “இடம் காஞ்சு கெடக்கே மதினி, நீங்க பாக்கலையா? நான் வந்ததுலருந்து இது ஒண்ணுக்கே போகல.”

உங்களை நம்பாமல் நானும் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான் வந்தது, வாயால்தான் சொல்லவில்லை. பிள்ளைக்கு நீர் நின்று, அதற்காக நேர்ந்த ஆடு. இப்போது ஆட்டுக்கு அதே நீர் நிற்கிறது. செபஸ்தியார் வேண்டாம் என்கிறாரா? கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாரா? அருள் அந்த நேரம் உள்ளே தரையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நீங்கள் ஓடிப்போய் அவன் டவுசரைத் தொட்டுப் பார்த்தீர்கள். அவன் கூச்சத்தில் கத்தினான். “நனைஞ்சிருக்கு” என்று என்னிடம் சொன்னீர்கள். மற்ற நாளாக இருந்தால் அதற்கு அவனை அடித்திருப்பேன்.

ஆட்டோக்காரர் ஆட்டை ஏற்ற மாட்டேன் என்றார். “சாமி ஆடுய்யா, ஏத்துய்யா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்” என்று நீங்கள் அதட்டிய அதட்டலில் கதவைத் திறந்துவிட்டார். தலை உங்கள் மடியில், பின்னங்கால் என் மடியில். கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் கிளம்புகிற நேரம். சின்ன வயசுக்காரர், ஆனால் முகம் சுளிக்கவில்லை. வயிற்றின் அடியில், நீர் போகிற இடத்தில் தொங்குகிற மயிரை விரலால் தடவி நம்மிடம் காட்டினார். வெள்ளை வெள்ளையாக மணல் ஒட்டியிருந்தது.

“இதைப் பார்த்ததில்லையாம்மா?”

பார்த்திருந்தேன். தவிடு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். நீங்களும் பார்த்திருந்தீர்கள். “நான் இவுக சுண்ணாம்பு தடவிட்டாகன்னு நெனச்சேன் சார்” என்று அவரிடமே சொன்னீர்கள்.

“மதினி, அங்க போயி எதுக்கு நான் சுண்ணாம்பு தடவுறேன்?”

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு நிதானமாகச் சொன்னார். தவிடு, பிண்ணாக்கு, சோறு என்று பச்சைத் தழையில்லாமல் கொழுக்கத் தீனி போட்டால் உள்ளே உப்பு மணலாகக் கட்டுமாம். ரொம்பச் சின்னதிலேயே காயடித்த ஆட்டுக்கு நீர்க்குழாய் பெருக்காதாம். அந்த மணல் நுனியில் போய் அடைத்துக்கொள்ளுமாம். “நீர் மேல தேங்கினா குண்டிக்காய் வீங்கிக் கெட்டுப்போகும். கிட்னியைத்தான் சொல்றேன். இப்பவே கூட்டிட்டு வந்தீங்க, நல்லது. நாளைக்கு வந்திருந்தா நீர்ப்பை உள்ளேயே உடைஞ்சிருக்கும்.”

அந்தக் குழாயின் நுனியில் நூல் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு அதை நறுக்கினார். மணலும் ரத்தமும் கொஞ்சம் வந்தது. நீர் சொட்டுச் சொட்டாக வந்து நின்றது. “இனி போகணும். போறதை நீங்கதான் பாக்கணும்” என்றார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

திரும்பி வருகிறபோது, ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றிருந்த நேரத்தில், என் மடி சூடானது.

“நனைஞ்சிருச்சு மதினி” என்றேன். இந்தத் தடவை அது என் வாயில்தான் வந்தது.

ஆட்டோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதீர்களோ சிரித்தீர்களோ, எனக்குத் தெரியவில்லை. இதில் மட்டும் நீங்கள் பங்குக்கு வரவில்லை.

ஊசி போட்ட ஆட்டைக் கொஞ்ச நாளைக்கு அறுக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், அந்த வருஷத் திருவிழா தப்பிப்போனது. அடுத்து உங்களுக்கு வேறு சந்தேகம் வந்தது. நுனி நறுக்கிய ஆடு ஊனமில்லாத ஆடா? கோயில் சாமியாரிடமே போய்க் கேட்டோம். அவர் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஆட்டைக் காயடிச்சப்போ வராத ஊனம், இப்ப நுனியை நறுக்கினதுல வந்திருச்சாக்கும்? போங்கம்மா, போயி அதுக்குப் பச்சத் தழை போடுங்க” என்றார். வெளியே வந்ததும் கேட்டீர்களே, “இவரு நெசமாத்தான் சொல்றாரா, இல்ல நம்மளத் தொலச்சாப் போதும்னு சொல்றாரா?” எனக்கும் அதே சந்தேகம்தான்.

அந்த ஒரு வருஷம் நீங்கள் வாராவாரம் வந்தீர்கள். தெருவில் யாராவது சோற்றுச் சட்டியோடு வந்தால் நீங்கள் போட்ட சத்தத்தில் ரோசம்மா நம் வாசலில் நடப்பதையே விட்டுவிட்டாள். அகத்தித் தழையும் வேலிமசால் தழையும் அறுத்துப் போட்டோம். தாகமெடுத்து நிறையக் குடிக்கட்டும் என்று தொட்டியில் உப்புப் போட்ட தண்ணீர். குண்டிக்காய் கெடுகிறதா என்று அறிய, தாடைக்குக் கீழே வீங்குகிறதா, வாயில் மூத்திர வாடை வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். நீங்கள் ஆட்டின் வாயை மோந்து பார்த்த கையோடு பேரன் வாயையும் பிடித்து மோந்து பார்ப்பீர்கள். அவன், “அப்பத்தா, நான் பல்லு வெளக்கிட்டேன்” என்று அழுவான்.

திருவிழாவுக்கு ஆட்டைக் கொடுத்தோம். கொடுத்துவிட்டு வர மனசு வரவில்லை. அறுக்கிற கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டோம். அறுக்க வந்திருந்த பாயிடம் நீங்கள் கேட்டீர்கள், “குண்டிக்காய மட்டும் ஒரு தடவக் காட்டுங்க பாய்.”

“பங்கு கேக்குறீகளா?”

“பங்கு வேணாம். பாக்கணும்.”

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளங்கையில் வைத்துக் கொண்டுவந்து காட்டினார். ஒன்று சிவப்பாக, வழுவழுவென்று, நல்ல அவரைக்கொட்டை மாதிரி இருந்தது. மற்றது வீங்கி வெளுத்துப்போயிருந்தது. கத்தி நுனியால் கீறியபோது உள்ளே மணல் நறநறத்தது. “எப்பவோ நீர் அடைச்சிருக்கு. இதப் போட முடியாது, கழிச்சிர வேண்டியதுதான்” என்றார்.

முழுசாகக் கொடுப்பதாகத்தானே நேர்ந்தோம்? ஒன்று கழிந்துபோனால் நேர்ச்சை கழிந்ததாகுமா? இதை வைத்து நீங்கள் நாளைக்கு என்னை என்னவெல்லாம் சொல்வீர்கள் என்று நான் உங்கள் வாயையே பார்த்தேன்.

நீங்கள் அந்தக் கெட்டதை ஒரு வாழையிலைத் துண்டில் வாங்கிக்கொண்டீர்கள். கோயில் மதிலோரம் போய்க் குச்சியால் தோண்டிப் புதைத்தீர்கள். கையைத் தட்டிக்கொண்டே சொன்னீர்கள்: “பயலுக்கு ரெண்டும் நல்லாருக்கு. கெட்டுப்போக வேண்டியது இங்க வந்து கெட்டுருச்சு. விடுங்க.”

வேதத்தில் அப்படி இருக்கிறதோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் அன்றைக்கு நம்பினேன். நீங்கள் சொல்லி நான் நம்பியது அது ஒன்றுதான்.

அருள் வளர்ந்த பிறகு, நீங்கள் நெஞ்சுவலியில் படுத்தபோது பார்க்க வந்தேன். உட்கார்ந்ததும் என் கை தானாக உங்கள் கணுக்காலுக்குப் போனது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன், நீர் கோத்துக் குழி விழுகிறதா என்று. கண்ணைத் திறக்காமலே சொன்னீர்கள், “என்ன, ஆடுன்னு நெனச்சீகளா? இது நெஞ்சு மதினி, அது இல்ல.”

“நீங்க சொன்னா நான் நம்பணுமா?”

சிரித்தீர்கள். “இன்னும் எம்மேல சந்தேகம் இருக்கா?”

“இருக்கு. பொண்ணு பாக்க வந்தன்னைக்கி செம்புக்குள்ள எட்டிப் பாத்தீகளே, என்னத்தப் பாத்தீக?”

“அத மட்டும் சொல்ல மாட்டேன்” என்றீர்கள். சொல்லாமலேதான் போனீர்கள். அடக்கத்தன்று உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கிறபோதும் எனக்கு அதுதான் மனசில் ஓடியது.

இப்போதெல்லாம் யார் தண்ணீர் கொடுத்தாலும் நானும் ஒரு தரம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். தண்ணீர்தான் இருக்கிறது. ஆனாலும் பார்க்காமல் குடிக்க முடியவில்லை. அருள், “நீயும் அந்த அப்பத்தா மாதிரியே ஆயிட்ட” என்கிறான். அவன் ஒரு நாளைக்கு எத்தனை செம்பு தண்ணீர் குடிக்கிறான் என்று நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்ப்பதும் அவனுக்குப் பிடிப்பதில்லை. நான் விடுவதாக இல்லை.

இந்த ஆடு அவன் பத்தாவது பாசானதற்கு நேர்ந்தது. வளர்ந்த பிறகுதான் காயடித்தேன். தவிடு ஒரு கைகூட வைப்பதில்லை. ஆனாலும் யார் எந்தச் சந்தில் வைத்து எதைப் போடுகிறார்கள் என்று யார் கண்டது? ரோசம்மாவின் மருமகள் நேற்று ஒரு சட்டியோடு இந்தப் பக்கம் போனாள். கேட்டால் துணி அலசினேன் என்கிறாள். ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, “காலையில ஆட்டுக்கடியில பெருக்குனியா?” என்று கேட்டேன். பெருக்கவில்லையாம். அவளையும் நம்புவதற்கில்லை, நேரமாகிவிட்டது என்று பேசாமல் பெருக்கிவிட்டுப் போயிருப்பாள்.

கையும் வலிக்கிறது, தாளும் முடிகிறது. வெயில் முக்காலிக்கு வந்துவிட்டது. பொறுங்கள். ஆடு எழுந்து நிற்கிறது. காலை அகட்டுகிறது. முதுகை வளைக்கவில்லை. வாலை ஆட்டவில்லை.

எழுந்து போய்க் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

நனைஞ்சிருச்சு மதினி.